கித்தேரிக்குத் துணையாகப் போனேன்

தா.பழூர்
20.6.1982

அன்பு மகன் சவரிமுத்துவுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் இங்கே நன்றாக இருக்கிறோம், பிலாயில் நீயும் அப்படியே இருக்க வேண்டுகிறேன், வெல்டிங் பொறி பட்ட கண் இப்போது உறுத்துகிறதா என்று மறக்காமல் எழுது. அப்பா பூசை முடிந்து வந்து தூங்குகிறார், எழுந்தால் காகிதத்தைப் பிடுங்கித் தானே எல்லாவற்றையும் எழுதிவிடுவார், அதற்குள் நான் முந்திக்கொள்கிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள். உன் அம்மா திருச்சிக்குப் போய் ஒரு பெண்ணை நர்ஸ் படிப்பில் சேர்த்துவிட்டு வந்திருக்கிறேன் தம்பி!

நம் கோயில் பங்கில் இந்த வருஷம் ஏழு பேர் பிளஸ் டூ எழுதினார்கள், ஆறு பேர் பாஸ், சின்னம்மாள் மகன் மட்டும் கெமிஸ்ட்ரியில் போய்விட்டான். போன ஞாயிறு புதுச் சாமியார் பூசை முடிவில் ஏழு பேரையும் பீடத்துக்கு முன்னால் நிறுத்தி, இவர்களுக்கு நாம் என்ன செய்யப் போகிறோம் என்று கேட்டார். ஆம்பளைகள் பக்கத்திலிருந்து வழக்கம்போல ஆளுக்கொரு செபமாலை கொடுக்கலாம், பெரியவர்கள் நாலு பேர் புத்தி சொல்லலாம் என்றார்கள். எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது. உனக்கும் அப்படித்தானே செபமாலை போட்டு அனுப்பினோம், நீ தனியாகத் திருச்சிக்குப் போய் வேறே ஆபீஸ் வாசலில் மத்தியானம் வரை நின்று பாலிடெக்னிக் சீட்டைக் கோட்டைவிட்டாய், அதையும் ஆறு வருஷம் கழித்து லீவில் வந்தபோதுதான் சொன்னாய். கோயிலில் பாட்டுக்கு மட்டும் வாய் திறக்கிறவள் நான், எப்படி எழுந்தேன் என்றே தெரியவில்லை. "சாமி, புத்தி சொல்ல ஊரே இருக்குதுங்க, ஆபீசுக்குக் கூட போவத்தான் ஆளில்ல. எம்மவனோட அன்னிக்கு யாரும் போவல" என்றேன். சாமியார் என்னையே பார்த்து, "சரிங்கம்மா, நீங்க யாரோட போறீங்க?" என்று கேட்டுவிட்டார்! அரியலூரைத் தாண்டாதவள் நான், ஆனாலும் சூளையில் வேலை செய்யும் சூசையின் மகள் கித்தேரியைக் காட்டினேன், தாயில்லாப் பெண். அப்புறம் ஒவ்வொருவராக எழுந்தார்கள். கண்டக்டர் செபஸ்தியான் இரண்டு பையன்களைக் காலேஜுக்கு அழைத்துப் போவதாகச் சொன்னார், தையல்காரர் ராயப்பன் சின்னம்மாள் மகனைத் தானே அரியலூர் டுட்டோரியலில் சேர்ப்பதாகச் சொல்லி அவன் தோளில் கை போட்டுக்கொண்டார், அதுவரை குனிந்தே நின்றவன் அப்போதுதான் நிமிர்ந்தான்.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் கிளம்பினோம், அரியலூரில் மாறி ஏறினோம், கித்தேரி வழியெல்லாம் என் முந்தானையை விடவில்லை. நர்ஸ் பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க் காகிதங்களைப் புரட்டிவிட்டு, பள்ளிச் சான்றிதழில் கித்தேரி, ஞானஸ்நானச் சீட்டில் குயித்தேரியம்மாள், இரண்டும் ஒரே ஆள்தான் என்று சாமியார் கையெழுத்தோடு மூன்று மணிக்குள் எழுதி வாங்கி வந்தால் இன்டர்வியூ, இல்லாவிட்டால் அடுத்த வருஷம் என்றார். மணி ஒன்றரை. ஊருக்குப் போய்த் திரும்ப முடியுமா? கித்தேரி அங்கேயே அழ ஆரம்பித்தாள். நான் வெளியே வந்து வழியில் போன பூக்காரியிடம், இங்கே பக்கத்தில் எங்கே மாதா கோயில் இருக்கிறது என்று கேட்டேன். தெருக்கோடியில் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் முன்பின் தெரியாத சாமியாரின் கதவைத் தட்டினேன். வயசானவர், கையைக்கூடக் கழுவாமல் வந்து நின்றார். இரண்டு சீட்டையும் வாங்கித் தகப்பன் பேர், பிறந்த தேதி, நம் பங்குச் சாமியார் முத்திரை எல்லாம் ஒத்துப் பார்த்தார். "ரெண்டும் ஒரே அர்ச்சிஷ்டவளோட பேருதாம்மா, அந்தக் காலத்துப் புனிதப் பெண்ணு, ஜனங்க வாயில பேரு சுருங்கிப்போச்சு" என்று சிரித்து எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். ஓடினோம் தம்பி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன்! உள்ளே, ரத்தத்தைப் பார்த்தால் பயமா என்று கேட்டார்களாம், எங்கப்பா கை செங்கல்லுல நசுங்கினப்ப நாந்தான் கட்டினேன் என்றாளாம். ஐந்து மணிக்குச் சுவரில் ஒட்டிய பட்டியலில் அவள் பேர் ஐந்தாவது. கையெழுத்துப் போடக் கூப்பிட்ட கிளார்க், பெண்ணுக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டார். ஒரே கோயிலுங்க என்றேன். அதற்குக் கட்டம் இல்லையம்மா என்று அவரே யோசித்து, அத்தை என்று எழுதிக்கொண்டார். எனக்குக் கண் மறைத்துவிட்டது, சலேத்தம்மாள் என்று முழுசாக எழுதினேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, கண்ணாடி போடாமல் வெல்டிங் வைக்காதே. மாதா உன்னைக் கைவிட மாட்டாள், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதே. ஏழு பேரில் அருளப்பன் என்ற பையனுக்கு உங்கள் ஊரில் அப்ரண்டிஸ் தேர்வாம், இந்தி ஒரு வார்த்தை தெரியாது. யார் கூடப் போவது என்று சாமியார் இன்று காலை கேட்டபோது, உன்னைக் கேட்காமலே உன் பேரைக் கொடுத்துவிட்டேன். ஜூலை ஒன்பதாம் தேதி உங்கள் ஊருக்குப் பக்கத்துத் துர்க் ஸ்டேஷனில் இறங்குவான், கையில் நீலப் பெட்டி. இப்போதே லீவு சொல்லி வை.

உன் அம்மா,
சலேத்தம்மாள்