நேற்றுக் கட்டிய வேர்

அன்பு மகள் ரிடாலினுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் நலமாகவும் ஈரமாகவும் இருக்கிறோம், டேராடூனில் நீ நலமாகவும் காய்ந்தும் இருப்பாய் என்று நம்புகிறேன். மழை ஒருவழியாகப் பின்வாங்கிவிட்டது, வெற்றிலைக் கொடிகள் பிழைத்துக்கொண்டன, உன் அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனால் குறைந்ததாக அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள். உன் தங்கை டாபினுக்கு இது ஏழாம் மாதம். கருவாட்டுத் துவையல் வாசனையே அவளுக்கு ஆகவில்லை, ஆகவே வீட்டில் யாருக்கும் துவையல் கிடையாது, அவள் கணவன் ஷான்போர் மட்டும் பக்கத்து வீட்டில் சாப்பிட்டுவிட்டு வாயைக் கழுவிக்கொண்டு ஒன்றும் தெரியாதவன்போல வருகிறான். போன கடிதத்தில் நீ, ஊரில் என்னென்ன மாறிப்போயின, என்னென்ன அப்படியே இருக்கின்றன என்று கேட்டிருந்தாய். பதில் எழுதப் பலமுறை உட்கார்ந்தேன், எழுதிய ஒவ்வொரு வரியும் பொய்யாகத் தோன்றியதால் கிழித்துவிட்டேன். இப்போது பதில் இருக்கிறது. அது எப்படிக் கிடைத்தது என்று வரிசையாகச் சொல்கிறேன், வேறு மாதிரி சொல்ல எனக்கு வராது என்று உனக்குத் தெரியும்.

நம் வேர்ப்பாலத்துக்கு அறிவிப்புப் பலகை வைப்பதற்காக ஷில்லாங்கிலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். பாலத்துக்கு என்ன வயது என்று கேட்டார்கள். ஊர்த்தலைவர் க்ராவ்போர் முந்நூறு என்றார். மலைக்கு அந்தப் பக்கத்து நோங்தார்காரர்கள் தங்கள் பாலத்துக்கு ஐந்நூறு என்று எழுதிக் கொடுத்துவிட்டதாக யாரோ சொல்ல, இவர் கண்ணைக்கூட இமைக்காமல், "முந்நூறுன்னா சொன்னேன்? எழுநூறு! ஒரு வருஷம் குறைஞ்சாலும் என் பேரை மாத்திக்கிறேன்" என்றார். எல்லோரும் கைதட்டினோம். அடுத்த வாரமே இரும்புத் தூண்களும் கம்பிச்சுருளும் வந்து இறங்கின. இவ்வளவு தொன்மையான பாலத்தை இனி ஒருவரும் தொடக்கூடாது, சுற்றிலும் வேலி போடப்படும், நீங்கள் நடக்கக் கீழே ஒரு கம்பிப்பாலம் கட்டித்தருகிறோம் என்றார்கள். தொடாமல் விட்டால் நம் பாலம் என்ன ஆகும் என்பதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழைக்குப் பின் கரையோர மரங்கள் விடும் இளவேர்களைப் பிடித்து அக்கரைக்குத் திருப்பிக் கட்டாவிட்டால் அவை தம் இஷ்டத்துக்கு ஆற்றுக்குள் இறங்கிவிடும், பழைய வேர்கள் துணையில்லாமல் உளுத்து உதிரும்.

ஊர்த்தலைவர் குடையை மறந்து நனைந்துகொண்டே என்னிடம் ஓடிவந்தார். "எழுநூறைக் குறைச்சா நோங்தார்காரன் சந்தையில என் மூஞ்சியைப் பார்த்துச் சிரிப்பான். குறைக்கலைன்னா பாலமே போச்சு. நாம பொய்யனாகவும் கூடாது, வேலியும் வரக்கூடாது, அப்படி நாலு வரி எழுதிக் கொடுங்க வாத்தியாரே" என்றார். உன் பெரிய மாமா போர்லாங் அங்கேயே இருந்தார். "அவர் இந்த ஊருக்கு மாப்பிள்ளையா வந்தவர். நம்ம பாலத்தைப் பத்தி அவருக்கு என்ன தெரியும்?" என்றார். இந்த வீட்டுக்கு நான் வந்து தலை நரைத்துவிட்டது, இருந்தாலும் அவர் சொன்னது உண்மைதானோ என்று எனக்கும் பட்டது. பலகையில் எழுதப்போவதை அதிகாரிகள் முன் வாசிக்கும் கூட்டத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள்.

பழைய பாலம் என்று எழுதிப் பார்த்தேன், பரணில் போட்ட கூடைபோல இருந்தது. என்றும் அழியாதது என்று எழுதினேன், போன வெள்ளத்தில்தானே ஒரு பக்கக் கைப்பிடி போயிற்று. உன் அம்மா விளக்கைத் துடைத்துக்கொண்டே, "ஏங்க, ஊர்ப்பிள்ளைங்களுக்கெல்லாம் வார்த்தை சொல்லிக் கொடுத்தீங்களே, உங்களுக்குன்னு ஒண்ணும் மிச்சம் வெச்சுக்கலையா?" என்றாள். அந்தத் தாளையும் கிழித்துப் போட்டேன்.

அந்தச் சனிக்கிழமை வேர் கட்டும் நாள். நானும் போனேன், எனக்குப் பிரம்பு நார் எடுத்துக் கொடுக்கும் வேலை. ஷான்போர் நூல்போன்ற ஒரு வேரை, பிளந்து குடைந்த பாக்குமரத் தண்டுக்குள் விட்டு அக்கரைப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தான். இது எப்போது ஆளைத் தாங்கும் என்று கேட்டேன். தலையைத் தூக்காமலே, "டாபின் வயித்துல இருக்கிறது வளர்ந்து பாக்கு மெல்லப் பழகுமே மாமா, அப்ப" என்றான். நான் தேடிய வார்த்தை அதுதான். அங்கேயே ஒரு வெற்றிலையின் பின்புறத்தில் எழுதிக்கொள்ளப் பார்த்தேன், வெற்றிலை கிழிந்தது, மனதில் சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

கூட்டம் பள்ளிக்கூடத்தில் நடந்தது. வழக்கப்படி ஆண்கள் உள்ளே, பெண்கள் ஜன்னலில். அதிகாரியாக வந்தவர் நம் இனத்துப் பெண்தான், கண்டிப்பானவர். மேசையைப் பிடித்துக்கொண்டு வாசித்தேன். நான் எழுதியது இதுதான்: "இந்தப் பாலத்தை யாரும் கட்டி முடிக்கவில்லை. முதல் வேரை அக்கரைக்கு அனுப்பியவர்கள் கடவுளின் வீட்டில் பாக்கு மென்றுகொண்டிருக்கிறார்கள். கடைசி வேரின் மேல் நடக்கப்போகிறவர்கள் இன்னும் பிறக்கவில்லை. நடுவில் இருக்கும் நாங்கள் ஒவ்வொரு மழைக்குப் பின்னும் வேர்களைக் கட்டுகிறோம். மெதுவாக நடந்து வாருங்கள்."

அதிகாரி, "நல்லா இருக்கு சார், ஆனா வயசு எங்கே? எழுநூறுன்னு சொன்னாங்களே" என்றார். ஊர்த்தலைவர் கூரையைப் பார்த்தார். எனக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "அம்மா, அடிவேருக்கு ஒரு வயசு. கைப்பிடிக்கு வேற வயசு. என் மருமகன் கட்டின வேர் பிறந்து ஒரு வாரம் ஆகல. நீங்க எதை எழுதுவீங்க? வேலி போட்டீங்கன்னா எழுதறதுக்குச் சுலபம்தான், எல்லா வேரும் ஒண்ணாச் செத்துடும்" என்றேன். ஜன்னலிலிருந்து உன் அம்மா, "சத்தமா சொல்லுங்க, பின்னால கேக்கல!" என்று கத்தினாள். நான் சத்தமாக இன்னொருமுறை சொன்னேன்! அந்தப் பெண் எழுந்து, என்னுடன் வாருங்கள் என்று பாலத்துக்கே நடந்தார். நடுப்பாலத்தில் குனிந்து அந்த நூல்வேரைப் பார்த்தார், புதுக் கட்டுகளைத் தடவிப் பார்த்தார். பிறகு, "தூணை எல்லாம் எடுத்துடுங்க. பலகையில் சார் எழுதினதை அப்படியே போடுங்க" என்றார். ஊரே ஆர்ப்பரித்தது. இப்போது அந்தத் தூண்கள் மைதானத்தில் கால்பந்து கோல் கம்பங்களாக நிற்கின்றன, கம்பிச்சுருளை மட்டும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். உன் பெரிய மாமா சந்தையில் வருகிறவன் போகிறவனை எல்லாம் நிறுத்தி, "எழுதினது யாரு? எங்க மாப்பிள்ளை!" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நேற்று நோங்தார் ஊர்த்தலைவரே பாக்கும் வெற்றிலையும் கொண்டுவந்து, அவர்கள் பாலத்துக்கும் நாலு வரி கேட்டார். க்ராவ்போர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பார்க்கலாம், வாத்தியாருக்கு நேரம் கிடைக்கணும்" என்றார்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். நீ பள்ளிக்கூடம் போன புதிதில் அம்மாவோடு ஒரு வேரைக் கட்டிவிட்டு, கிறிஸ்துமஸுக்குள் இதன்மேல் நடக்கலாமா என்று கேட்டாய். முடியாது என்றேன், வீடுவரை அழுதுகொண்டே வந்தாய். கூட்டத்தன்று எல்லோரும் கலைந்த பிறகு நான் மட்டும் பாலத்தில் நின்றேன். இடப்பக்கம், உன் முடிச்சின் தழும்பு இன்னும் அப்படியே தெரிகிறது, மாறியது வேர்தான், என் மணிக்கட்டைவிடப் பருத்துவிட்டது. இத்தனை நாள் நான் அதைத் தாண்டித்தான் போவேன். அன்று அதன்மேல் முழுப் பாரத்தையும் வைத்து நின்றேன் ரிடாலின். தாங்கியது.

குழந்தை பிறக்கும்போது நீ இங்கே இருக்க வேண்டும் என்று டாபின் பிடிவாதமாக இருக்கிறாள், விடுப்புக்கு இப்போதே எழுதிக் கொடு. குளிருக்குக் காலுறை போட்டுக்கொள், காலையில் வெறும் தேநீரோடு ஓடாதே. வரும்போது பழைய உடை ஒன்று கொண்டுவா, குழந்தைக்காக நீ கட்ட ஒரு வேரை விட்டு வைத்திருக்கிறோம். கடவுள் உன் கைகளையும் கால்களையும் காப்பாராக.

உன் அன்புள்ள அப்பா,
ஸ்கெம்போக்
(அம்மா சொல்கிறாள்: அவள் கத்தியதால்தான் வேலி போயிற்று என்று எழுத வேண்டுமாம். எழுதிவிட்டேன்.)