வலதும் இடதும் சேர்த்து

1912 ஏப்ரல் 15, கோட்கா
வயலில் இன்னும் பனி. மர ஆலையில் வேலை முடிந்து சங்கு ஊதியதும் ஓடிப்போய் ஈட்டி எறிந்தேன். வலது கையில் ஐம்பத்து நான்கு மீட்டர், இடது கையில் முப்பத்தாறு. கூட்டினால் தொண்ணூறு. ஜூன் ஒன்பதாம் தேதி ஹெல்சிங்கியில் ஈட்டித் தேர்வு. இரண்டு கையின் தூரத்தையும் கூட்டி, முதல் மூன்று பேரை ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்குக்கு அனுப்புவார்கள். குறைந்தது தொண்ணூற்றாறு மீட்டராவது வேண்டும் என்கிறார்கள். எனக்கு வயது முப்பத்தொன்று. அடுத்த ஒலிம்பிக்குக்கு என்னை யார் கூப்பிடப் போகிறார்கள்?

ஏப்ரல் 17
இடது கையால் கஞ்சி குடித்தேன். பாதி தாடிக்குப் போயிற்று.

ஏப்ரல் 29
ரம்பத்தின் மறுபக்கம் மாறி நின்று இடது கையால் இழுக்கிறேன். என்னோடு ரம்பம் இழுக்கும் ஹெர்மன்னியும் ஈட்டிக்காரன்தான், அவனும் தேர்வுக்கு வருகிறான். “என்னடா தாவெத்தி, வலது கையை அடகு வச்சிட்டியா?” என்றான். ஆலையே சிரித்தது. சிரிக்கட்டும்.

மே 19
இடது கை நாற்பத்து மூன்று! துள்ளிக் குதித்தேன். பிறகு வலது — நாற்பத்தெட்டு. மறுபடியும் நாற்பத்தெட்டு. ஐந்து வாரம் நாயாய் உழைத்து, கூட்டுத்தொகையில் ஒரே ஒரு மீட்டர். ஹில்யா அளவுநாடாவைச் சுருட்டிக்கொண்டே, “வலது கை உனக்கு என்ன பாவம் பண்ணிச்சு? அதையும் கொஞ்சம் கவனி” என்றாள். பெண்டாட்டி என்றும் பாராமல் எரிந்து விழுந்தேன். அவள் சொன்னது சரி. அதனால்தான் அவ்வளவு கோபம்.

ஜூன் 5
வலதையும் கவனித்தேன், கூட்டினால் தொண்ணூற்றெட்டு! 

ஜூன் 8, ஹெல்சிங்கி
சனிக்கிழமை. தேர்வுக்கு முந்தின நாள் என்பதற்காகச் சனிக்கிழமை சவுனாவில் ஆவிக்குளியல் போடாமல் இருக்க முடியுமா? ஹெர்மன்னியின் மாமா வீட்டில் தங்கியிருக்கிறோம். ஆவி மூக்கைச் சுட, இருவரும் மேல்பலகையில் உட்கார்ந்தோம்.
“இறங்குறியா?” என்றான்.
“நீ இறங்கு. எங்க மாட்டுக் கொட்டகை இதைவிடச் சூடு.”
மாமா வேறு சிரித்துச் சிரித்துக் சூடேறிய கற்களில் தண்ணீரை ஊற்றினார். கடைசியில் ஹெர்மன்னி, “போடா, எனக்கு நாளைக்கு வேலை இருக்கு” என்று இறங்கிப் போனான். வென்றேன்! அவன் திரும்பி வந்து பார்க்கட்டும் என்று இன்னும் வெகுநேரம் அங்கேயே இருந்தேன். அவன் வரவில்லை.

ஜூன் 9
கை இரண்டும் வேகவைத்த கிழங்கு. எண்பத்தொன்பது. ஹெர்மன்னிக்குத் தொண்ணூற்றாறு, மூன்றாம் இடம். முட்டாள் — முட்டாள் — என்னை யாரும் அந்த மேல்பலகையில் கட்டிப் போடலையே! நானாத்தானே உட்கார்ந்திருந்தேன்!

ஜூன் 10
வீடு திரும்பினேன். ஹில்யா காபி ஊற்றினாள். திட்டியிருக்கலாம்.

ஜூலை 9
இன்று ஸ்டாக்ஹோமில் இருகை ஈட்டிப் போட்டி. ஹெர்மன்னி என்ன ஆனான் என்று தெரிய ஆலை ஆட்களெல்லாம் தந்தி ஆபீஸ் வாசலில் நிற்கிறார்கள். நான் வயலுக்குப் போனேன். கூப்பிடாமலே ஹில்யா நாடாவோடு வந்தாள்.
வலது ஐம்பத்தைந்து. இடது நாற்பத்தாறு. நம்பாமல் இன்னொரு தரம் அளக்கச் சொன்னேன். அளந்தாள்.
“நூத்தியொண்ணு. ஊர்ல சொல்லட்டுமா?”
“வேண்டாம். யாரு நம்புவா?”
“நான் பார்த்தேனே.”
அழுதுவிட்டேன். அவள் நாடாவைச் சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டு, பால் கறக்கப் போனாள். இடது கையால் எறிந்த ஈட்டி இன்னும் அங்கேயே குத்தி நிற்கிறது. பிடுங்க மனம் வரவில்லை.