சொட்டுத் தண்ணி கிடையாது

ஏப்ரல் 7, திங்கள்

காலையிலிருந்து போன் ஓயவில்லை. 'தண்ணி வரல', 'தண்ணி வரல'. கோடை வந்துவிட்டால் குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் காதில் வேறு எதுவும் விழாது. ஒருவர், "நீங்க மட்டும் ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு ஜில்லுனு குடிப்பீங்க" என்று திட்டினார். எங்கள் அறையில் ஏசி கிடையாது. இருக்கிற மின்விசிறியும் சுற்றுவதைவிட முனகுவதுதான் அதிகம். "பதிஞ்சுக்கிட்டேன் சார்" என்று மட்டும் சொன்னேன்.

ஊரில் எல்லார் வீட்டு ஏசியையும் சரிசெய்கிறவர் என் கணவர். சாயங்காலம் அவர் வந்ததும் வாசலுக்குப் போய்ப் பையை வாங்கினேன். பை வெறும் சாக்குப்போக்குதான். பக்கத்தில் போய் மூச்சை இழுத்துப் பார்க்கத்தான் போகிறேன். அவருக்கும் தெரியும். பையைக் கொடுத்துவிட்டு ஒரு நொடி அப்படியே நிற்கிறார், நான் முடிக்கட்டும் என்று.

வியர்வை, தூசி, மெஷின் எண்ணெய். வேறொன்றும் இல்லை.

போன மழைக்காலத்தில் அவர் குடியை விட்டார். என் மூக்குக்குத்தான் இன்னும் விடத் தெரியவில்லை.

ஏப்ரல் 9, புதன்

ஆலோசகரிடம் போயிருந்தோம். சின்னப் பெண். "குடிக்காம சந்தோஷமா இருந்த ஒரு நாளைச் சொல்லுங்க சார்" என்றாள். அவர் ரொம்ப நேரம் யோசித்தார். எங்கள் கல்யாண நாளைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அன்றைக்கும் குடித்திருந்தார் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

கடைசியில், "பதினாலு வயசுல ஒரு ஏரில நீந்தினேங்க. அக்கரை வரைக்கும்" என்றார்.

திரும்பி வரும்போது காரில் கேட்டார்: "ஏரிக்கரைல மரவீடு எல்லாம் வாடகைக்கு விடறாங்களாமே. ரெண்டு நாள் போலாமா?"

"இந்த வெயில்ல, வேலைய விட்டுட்டா?"

"நான் இல்லேன்னா ஊர்ல ஒரு ஏசி ஓடாதா?"

அவர் ஒன்றை வேண்டும் என்று கேட்டு எவ்வளவு காலமாயிற்று!

ஏப்ரல் 13, ஞாயிறு

கொழுந்தன் வந்திருந்தான். ஏரி விஷயம் எப்படியோ அவன் காதுக்கும் போயிருக்கிறது.

"ஏரிக்கரை, மரவீடு... தண்ணி இல்லாம எப்படி அண்ணி? நானும் வரேன். ஏற்பாடெல்லாம் என் பொறுப்பு."

அவர் சிரித்தார். மரியாதைக்கு வந்த சிரிப்பா, ஆசையில் வந்ததா?

"நாங்க ரெண்டு பேர்தான் போறோம்" என்றேன்.

"ஓகோ, ஹனிமூனா?"

"ஆமாப்பா. லேட்டா வந்தாலும் வந்துருச்சே."

ராத்திரி காலேஜ் ஹாஸ்டலிலிருந்து மகள் போன் செய்தாள். "போ, போ. அங்கயும் போய் போலீஸ் வேலைதான பாக்கப் போற" என்றாள். கோபம் வந்தது. போனை வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 17, வியாழன்

இடம் பிடித்துவிட்டேன்! படத்தில் நீல ஏரி, சின்ன மரவீடு, கரையில் இரண்டு நாற்காலி. இப்படிப்பட்ட இடங்களில்தான் கும்பலாக வந்து குடிப்பார்கள். அதனால் அலுவலக மாடிப்படியில் நின்று விடுதிக்காரருக்குப் போன் போட்டேன். நேராகக் கேட்க நாக்கு வரவில்லை.

"அங்க... இந்தத் தண்ணி விஷயமெல்லாம் எப்படிங்க?"

பெருமூச்சு விட்டார். "மறைக்க விரும்பலம்மா. சொட்டுத் தண்ணி கிடையாது. முன்னெல்லாம் நிறைய இருந்துச்சு. வர்றவங்க அதுக்குன்னேதான் வருவாங்க. இப்ப அது இல்லைன்னதும் ஆள் வர்றதே நின்னு போச்சு."

"எனக்கு அதுதாங்க வேணும்!"

அவர் தொண்டையைச் செருமினார். "குடிக்கறதுக்கு வேணா ரெண்டு கேன் வாங்கி வைக்கட்டுமாம்மா?"

"ஐயையோ, வேண்டவே வேண்டாம். எங்களுக்கு அந்தப் பழக்கமே இல்ல."

பிறகு அவராகவே வாடகையில் பாதியைக் குறைத்தார். நல்ல மனிதர்.

ஏப்ரல் 22, செவ்வாய்

அவர் எங்கிருந்தோ ஒரு பழைய லாரி டியூப் கொண்டுவந்திருக்கிறார். ஒட்டுப் போட்டு, காற்றடித்து, பக்கெட் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். குளியலறை முழுக்கச் சேறு.

"யாருக்கு இது?"

"உனக்குத்தான். நீச்சல் தெரியாதவங்களுக்கு."

"நான் இதுக்குள்ள போவேனா?"

"லாரிக்கே பத்துது. உனக்குப் பத்தாதா?"

அடிக்கப் போனேன். ஓடினார். இந்த வயதில்.

மே 2, வெள்ளி

பைகளை அடுக்கிவிட்டேன். அவருடைய பையை மட்டும் இன்னொரு தடவை திறந்து பார்த்தேன். நீச்சல் உடை, டார்ச், காற்றடிக்கும் பம்பு.

மகள் சொன்னது சரி.

மே 3, சனி

மரவீட்டுத் திண்ணையில் தனியாக உட்கார்ந்து எழுதுகிறேன். முறையாக எழுத வேண்டும்.

மதியம் வந்து சேர்ந்தோம். அவர் டியூபைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றி ஏரிப் பக்கம் போனார். நான் பின்னாலேயே போய்ப் பார்த்தால், அசையாமல் நிற்கிறார். எதிரே கண்ணுக்கு எட்டினவரை வெடித்துப்போன சேறு. நடுவில் ஒரு படகு சாய்ந்து கிடந்தது. தண்ணீரே இல்லை.

"என்னங்க இது?" என்று விடுதிக்காரரைக் கேட்டேன்.

"போன்லயே சொன்னேனேம்மா, சொட்டுத் தண்ணி கிடையாதுன்னு. அதுதான் வேணும்னீங்க!" என் கணவரிடம் திரும்பி, "இங்க போர்ல வர்றது உப்புங்க, வாயில வைக்க முடியாது. குடிக்கறதுக்காவது கேன் வாங்கி வைக்கறேன்னேன் சார். அந்தப் பழக்கமே இல்லைன்னுட்டாங்க."

அவர் என்னைப் பார்த்தார். "நீ என்ன கேட்ட?"

"தண்ணி உண்டான்னு..."

"எந்தத் தண்ணி?"

நாள் முழுக்க அந்தச் சொல்லைக் கேட்டுப் பதிந்துகொள்கிறவள் நான். அலுவலகத்தை விட்டு வெளியே வந்தால் அதற்கு ஒரே ஒரு பொருள்தான் என்று ஆகிவிட்டது எனக்கு. அதை எப்படி அவரிடம் சொல்வது? சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. டியூபைச் சுவரில் சாய்த்தார்.

"மெயின் ரோட்டுக்குப் போய் வாங்கிட்டு வரேன். குடிக்கற தண்ணி."

போய்விட்டார்.

கேன் கடை இருப்பதை வரும்போதே பார்த்தேன். அதற்கு நேர் எதிரே இருக்கிற கடையையும் பார்த்தேன். என் கண் முதலில் போனதே அங்கேதான்.

வெயில் இறங்கிவிட்டது. இன்னும் காணோம். போனில் சிக்னல் இல்லை. ஏரியும் இல்லை, மனசும் புண்பட்டாச்சு — போதாதா ஒரு மனுஷனுக்கு? 'சாராயம் கீராயம் கிடையாதே'ன்னு நேரா கேட்டிருந்தா என் நாக்கு அறுந்தா போயிருக்கும்? இவ்வளவு நேரம் எதுக்கு? டயர் பஞ்சரா? இல்ல—

வண்டிச் சத்தம்.

மே 4, ஞாயிறு

நேற்று அவர் காரிலிருந்து இறங்கி இரண்டு கேன்களையும் கீழே வைத்தார். நான் படியிறங்கிப் பக்கத்தில் போனேன். வழக்கம்போல அவர் ஒரு நொடி நின்றார்.

நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். வேண்டுமென்றேதான். மார்பு வலித்தது.

அவருக்கு அது தெரிந்துவிட்டது. முகம் என்னவோ ஆயிற்று.

"எதிர்க் கடை வாசல்ல வண்டிய நிறுத்தினேன்" என்றார். "ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். கோபம். கதவத் திறந்து ஒரு கால வெளிய வெச்சுட்டேன்."

"அப்புறம்?"

"அந்த ஆள்கிட்ட நீ சொன்னது ஞாபகம் வந்துச்சு. தண்ணி குடிக்கற பழக்கமே இல்லைன்னு சொல்லியிருக்கியே! அவன் நம்மள என்னன்னு நெனச்சிருப்பான், ஒட்டகம்னா?" சொல்லும்போதே குரல் உடைந்து சிரித்தார். "தனியா உக்காந்து அங்கயே சிரிச்சேன். கடைக்காரன் எட்டிப் பாத்தான், ஏற்கெனவே போட்டுட்டு வந்திருக்கானோன்னு. கால உள்ள இழுத்துக்கிட்டேன்."

எனக்கும் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. கேனைத் திறந்து ஆளுக்கு இரண்டு டம்ளர் குடித்தோம்.

பிறகு அவர் டியூபைத் தோளில் மாட்டிக்கொண்டார். "வா, அக்கரை வரைக்கும் போலாம்."

வெடித்த சேற்றின்மேல் நடந்தோம். காலடியில் அப்பளம்போல நொறுங்கியது. நடுவில், சாய்ந்த படகுக்குப் பக்கத்தில் டியூபைப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். பத்தியது.

"நல்லா மிதக்கற" என்றார்.

அக்கரைக்குப் போய்ச் சேரும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. திரும்பும்போது டார்ச் அவர் கையில், டியூப் என் தோளில்.

மே 19, திங்கள்

புகார்கள் இன்றும் ஓயவில்லை.

வீட்டுக்கு வந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டே, கூடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும் அந்த டியூபைப் பரண்மேல் போடவேண்டும் என்று புலம்பினேன். "இருக்கட்டும், ஏரி ரொம்பினதும் போலாம்" என்று குளியலறையிலிருந்து குரல் வந்தது.

எப்போது வந்தார்? கதவுச் சத்தம் கேட்டது. கேட்டும் நான் எழுந்து போகவில்லை. போகவேண்டும் என்றே தோன்றவில்லை.

அவருடைய பை இன்னும் வாசலிலேயே இருக்கிறது.