அன்வர் வருவதற்குள் ஓட வேண்டிய கார்

ஜூன் 1, 2002. சனி

காலை ஏழு மணிக்கே சட்டை நனைந்துவிட்டது. பாலாற்றுப் பக்கமிருந்து காற்று, கூடவே தோல் பதனிடும் தோல்ஷாப்களின் நாற்றம்.

அன்வர் வீட்டிலிருந்து பத்திரிகை. தங்கைக்கு நிக்காஹ், 9ஆம் தேதி, ஞாயிறு. கொண்டுவந்த தம்பிக்காரன் உள்ளே வரவில்லை. "அண்ணன் சவுதிலேர்ந்து வியாழக்கிழம வர்றாரு. செவ்வாக்கெழம திரும்ப கெளம்பறாரு. லீவு கம்மி."

பதினோரு வருடம். நான் ஒரு கடிதம் போடவில்லை. அவனும்தான்.

பரணிலிருந்து ரிமோட் காரை இறக்கினேன். மணலில் ஓடும் ரகம், பின்சக்கரம் பெரிசு. ஷூ கம்பெனியில் மெஷின் பூட்ட வந்த வெள்ளைக்கார மெக்கானிக் ஊருக்குத் திரும்பும்போது எனக்கும் அன்வருக்கும் சேர்த்துக் கொடுத்தது. அப்போது இருவரும் மெயின்டனன்ஸில் ஒரே ஷிப்டு.

நிலவரம்:
மோட்டார் - சுற்றுகிறது, தெம்பு இல்லை.
பேட்டரி - காலி. புதுசு வேண்டும்.
பெரிய கியர், பிளாஸ்டிக் - பல் மொட்டை.
டயர் - வெடிப்பு. பரவாயில்லை.
பின் ஆக்ஸில் - ஒன்று வளைசல்.

வியாழனுக்குள் ஓட வேண்டும்.

ஜூன் 2, ஞாயிறு

சர்ச்சில் பிரசங்கம் காதில் ஏறவில்லை. பாட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் கியர் கணக்கு. எஸ்தர் முழங்கையால் இடித்தாள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து இடித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். 91இல் வேகம் வேண்டுமென்று மோட்டார் முனையிலுள்ள சின்ன கியரைக் கழற்றிப் பெரிசு போட்டேன். அன்வரிடம் சொல்லவில்லை. ஓட்டும்போது அசந்துபோகட்டும் என்று. ஆற்று மணலில் ரிமோட் அவன் கையில். பாரம் தாங்காமல் பிளாஸ்டிக் கியரின் பல் மொத்தமும் உதிர்ந்தது. சுற்றிலும் கம்பெனி ஆட்கள் பத்துப் பேர். "நீதான்டா கண்ணுமண்ணு தெரியாம முறுக்கி ஒடச்சே. உன் கைல குடுத்ததே தப்பு" என்று கத்தினேன். அவன் ரிமோட்டை மணலில் வைத்துவிட்டு நடந்தான். அடுத்த மாதம் வேலைக்கென்று சவுதி போய்விட்டான்.

திட்டம்: காரை ஓட வைப்பது, ரிமோட்டை அவன் கையில் கொடுப்பது, உண்மையைச் சொல்வது. இதே வரிசையில்.

ஜூன் 3, திங்கள்

அரை நாள் லீவு. வாலாஜா பஸ். ஆம்பூர் லேத்துக்காரர் கையை விரித்துவிட்டார், இவ்வளவு பொடிப் பல் இங்கே வெட்ட முடியாதாம். வாலாஜா பட்டறையில் பித்தளையில் வெட்டித் தந்தார்கள். ஆக்ஸிலும் இரும்பில் புதுசாக. பேட்டரியும் அங்கேயே ஒரு கடையில் கிடைத்தது. பட்டறைக்காரர்: "இன்னா சார், பொம்ம வண்டிக்கா இத்தினி பாடு?" ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல.

உட்கார முடியவில்லை. பட்டறைக்கும் டீக்கடைக்கும் ஒன்பது நடை. ஆறு டீ.

வேகமான மோட்டார் போன வருடமே சென்னையில் வாங்கியது. வாங்கியதோடு சரி, கவரைப் பிரிக்கவில்லை. ஏன் வாங்கினேன் என்று எஸ்தர் அப்போதும் கேட்கவில்லை.

ஜூன் 4, செவ்வாய்

விடிகாலையில் பூட்டினேன். புது மோட்டார் ஒரு நூல் அதிகம் உள்ளே போகிறது, கியரோடு கியர் இறுக்கிப் பிடிக்கிறது. நடுவில் பேக்கிங் வேண்டும். இந்த ஊரில் பேக்கிங்குக்கா பஞ்சம்? செருப்பு அடித்தோல் துண்டு, தண்ணீரில் ஊறவைத்து, பதமாக வெட்டி, ஈரத்தோடு இறுக்கினேன். கச்சிதம்.

சாயந்திரம் மொட்டைமாடி. கார் எகிறிக்கொண்டு பாய்ந்தது. நானே ஓவென்று கத்திவிட்டேன். நாலு நிமிஷம். பிறகு கிர்ர்ர். சின்ன கியர் மேலே ஏறி, பித்தளையில் மூன்று பல் நசுங்கல். மோட்டாரைத் தொட்டால் விரல் பொசுங்குகிறது.

சாப்பிடவில்லை. எஸ்தரிடம் எரிந்து விழுந்தேன். குழம்பில் உப்பு என்றேன். உப்பெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

ஜூன் 5, புதன்

எஸ்தர் காரைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள். தோல்ஷாப் லேபில் டெஸ்டிங் அவள் வேலை. பேக்கிங்கைப் பிடுங்கி எடுத்தாள். அப்பளம் மாதிரி சுருண்டிருந்தது; அதனால்தான் மோட்டார் நகர்ந்து கியர் ஏறியிருக்கிறது.

"இத ஈரத்தோட வெச்சீங்களா?"

"ஆமா. வளையணும்னு."

"மரப்பட்டைல பதம் பண்ண தோலுங்க இது. ஈரமா இருக்கறப்ப சூடு பட்டா சுருங்கிப் போவும். தெனம் நான் கொதிக்கிற தண்ணில துண்டு போட்டு எவ்ளோ சுருங்குதுன்னு அளக்கறனே, இன்னா வேல பாக்கறேன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

கேட்டதில்லை. ஷூ கம்பெனியில் பதினாறு வருடம். அடித்தோலை நனைத்துத்தான் வெட்டுவோம், அந்தக் கைப்பழக்கம். நனைந்த தோலைச் சூட்டில் வைக்கக் கூடாது என்பது புத்தியில் ஏறாமலே கை மட்டும் பழகிவிட்டது.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பேக்கிங்குக்கு அலுமினியத் தகடு அறுத்தேன். நசுங்கிய பல்லை அரத்தால் சரிசெய்தேன். முழுசாக இல்லை, ஓடும்.

எஸ்தர் கேட்டாள்: "வண்டி ஓடலன்னா சொல்ல மாட்டீங்களா?"

அரத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.

ஜூன் 6, வியாழன்

வந்துவிட்டான். வீடு நிறையச் சொந்தக்காரர்கள், சமையல் பாத்திரம், அழுகிற குழந்தைகள். தொப்பை. முன்மண்டை வழுக்கை. கட்டிப்பிடித்தான், ஆனால் சீக்கிரம் விட்டுவிட்டான். "நாளைக்கு ஜும்மா முடிச்சிட்டு வர்றேன்டா டேவிட். இங்க பேச முடியாது."

சீக்கிரம் விட்டதைப் பற்றியே யோசனை. சூடான காப்பியை நாக்கில் ஊற்றிக்கொண்டேன்.

ஜூன் 7, வெள்ளி

மூன்று மணி. ஆற்று மணல் அடுப்பாய்ச் சுடுகிறது. ஆளில்லை.

ரிமோட்டை அவன் கையில் கொடுத்தேன். கார் பறந்தது. பின்சக்கரம் மணலை வாரி இறைக்கிறது, திருப்பத்தில் படுத்து எழுகிறது. அன்வர் தொப்பை குலுங்கச் சிரித்தான். "இன்னாடா போட்டே இதுல!" எட்டு நிமிஷத்தில் பேட்டரி இறங்கிவிட்டது. எதுவும் உடையவில்லை.

சொன்னேன். கியரை மாற்றியது நான். உடைந்தது என்னால். பத்துப் பேர் முன்னால் பழியை உன்மேல் போட்டேன்.

அவன் என்னையே பார்த்தான். "இதுக்கா? அன்னிக்கு கத்தினே, சரி. தோஸ்துங்க கத்திக்கமாட்டாங்களா? கியரு போனதே எனக்கு நெனப்புல இல்ல."

மனசு லேசாகிவிட்டது. அரை நிமிஷம்தான்.

"நான் கெளம்புன அன்னிக்கு நீ ஏன்டா வரல?"

குனிந்து காரின் பேட்டரியைக் கழற்றினேன்.

"காட்பாடில பம்பாய் வண்டி மூணு மணி நேரம் லேட்டு. அம்மாவ, தம்பிய எல்லாம் வூட்டுக்கு அனுப்பிட்டேன். நீ வருவேன்னு நின்னுனே இருந்தேன். வண்டி நகர்ற வரைக்கும் வாசல்லயே தொங்கினு பாத்தேன்டா."

அன்று எனக்கு வேலை இல்லை. வீட்டில்தான் இருந்தேன். நேரில் பார்த்தால் உண்மையைச் சொல்ல வேண்டிவரும் என்று கட்டிலில் படுத்துக்கிடந்தேன்.

அழுகை வந்தது. கண்ணில் மணல் என்றேன். அதுவும் பொய். அவன் காரை எடுத்து மணலைத் தட்டி என் கையில் கொடுத்தான். நடந்தே திரும்பினோம்.

ஜூன் 9, ஞாயிறு

நிக்காஹ். பந்தியில் கத்தரிக்காய் பச்சடி பரிமாறினேன். யாரும் சொல்லவில்லை, நானாகவே வாளியைத் தூக்கினேன். அன்வர் மாப்பிள்ளை வீட்டாரோடு ஓடிக்கொண்டிருந்தான். இரண்டு தடவை என் பக்கம் பார்த்தான். ஒரு தடவை தலையாட்டினான். பேசக் கிடைக்கவில்லை.

எஸ்தருக்குப் பிரியாணி பார்சல் கொடுத்தனுப்பினார்கள். நன்றாக இருந்தது என்றாள். எனக்கு ருசி தெரியவில்லை.

ஜூன் 10, திங்கள்

அவன் தம்பியிடம் விசாரித்தேன். நாளை மத்தியானம் ஆம்பூர் ஸ்டேஷன், சென்னை வண்டி.

மேனேஜரிடம் லீவு கேட்டேன். "நாளைக்கு கன்டெய்னர் போவுது. லாஸ்டிங் மெஷின் நின்னா யார் பாப்பா? போ போ, வேலயப் பாரு." ஷூவின் மேல்தோலை அச்சில் இழுத்துப் பிடிக்கிற மெஷின் அது, காலையிலிருந்து முக்குகிறது. பெல்ட் மாற்றினேன், எண்ணெய் விட்டேன். நாளை ஒரு நாள் தாங்கும். தாங்க வேண்டும்.

வீட்டில் எஸ்தர்: "லீவு குடுத்தாங்களா?"

"இல்ல."

"சட்டய அயர்ன் பண்ணி வெக்கறேன்."

ஜூன் 11, செவ்வாய்

ஆம்பூர் ஸ்டேஷன். பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். கார் வீட்டிலேயே இருக்கிறது. அதற்கு இங்கே வேலை இல்லை. லீவில்லாமல் வந்ததற்கு மெமோ வரும், வரட்டும்.

உட்காருகிறேன், எழுந்திருக்கிறேன். போர்ட்டர் சந்தேகமாகப் பார்க்கிறார். "சார், வண்டிக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் கீதே?" தெரியும் என்றேன்.

அன்வர் இன்னும் வரவில்லை. நான் வந்துவிட்டேன்.