விசாரித்ததாகச் சொல்லவும்

காக்ஸ் டவுன், பெங்களூரு
ஞாயிறு மத்தியானம்

அன்பு மகள் ஆஷாவுக்கு அம்மா எழுதுவது. தேவகிருபையால் நலம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம், இந்தத் தடவை கை வரவில்லை. நீ நலமா என்று கேட்கவும் வாய் வரவில்லை, கேட்காமல் கடிதம் தொடங்கவும் தெரியவில்லை, அதனால் கேட்டுவிட்டேன் என்று வைத்துக்கொள். நீ போனை எடுப்பதில்லை, மெசேஜைத் திறப்பதும் இல்லை. மாப்பிள்ளை கிறிஸ்டோபர்தான் பேசினார். எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே பிள்ளை தவறிப்போனதிலிருந்து நீ கட்டிலை விட்டு எழுந்திருப்பதில்லை, அவரோடும் பேசுவதில்லை, நான் இருந்து என்ன ஆகப்போகிறது என்று மட்டும் ஒரு நாள் சொன்னாயாம், உன்னைத் தனியாக விட்டு வேலைக்குப் போகவே பயமாயிருக்கிறது என்று அந்த மனுஷன் போனிலேயே அழுதுவிட்டார். வந்து உன் பக்கத்தில் படுத்துக்கொள்ளலாம் என்று விசாவுக்குப் போட்டேன், இல்லை என்றுவிட்டார்கள். நீ இருக்கிற அயர்லாந்து எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது, மொட்டைமாடியில் நின்று ஏதோ ஒரு பக்கம் பார்த்து உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறேன். மேல்வீட்டு வீணா தினமும் படிக்கட்டில் நிறுத்தி, ஆஷா ஹேகித்தாளெ என்று கேட்கிறாள், சென்னாகித்தாளெ, நன்றாக இருக்கிறாள் என்று கன்னடத்திலேயே பொய் சொல்லிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொள்கிறேன்.

பிரிஜெட் அத்தை உன்னிடம் என்ன சொன்னாள் என்பதும் மாப்பிள்ளை சொல்லித்தான் தெரிந்தது. அப்பன் குடிச்ச குடிக்குக் கர்த்தர் பிள்ளைகிட்ட விசாரிக்கிறார் என்றாளாம். உன் அப்பா குடித்தது உண்மை, அதிலேயே போய்ச் சேர்ந்ததும் உண்மை, அது அவரோடு கல்லறையில் மூடியாயிற்று. நேரே அவள் வீட்டுக்குப் போய், செத்துப்போன தம்பியையும் விடமாட்டாயா என்று நறுக்கென்று கேட்டேன். அவள் பதறவில்லை, வேதத்தைத் திறந்து பத்துக் கட்டளையில் அந்த இடத்தைக் காட்டினாள். பிதாக்களுடைய அக்கிரமத்தைப் பிள்ளைகளிடத்தில் விசாரிக்கிறவர் என்றுதான் போட்டிருக்கிறது ஆஷா. உனக்குச் சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் எட்டாம் சங்கீதத்தைத்தானே சொல்லித் தலையைத் தடவுவேன், தேவன் நினைக்கவும் விசாரிக்கவும் மனுஷன் எம்மாத்திரம் என்று அதில் வருமே. ஒரே வார்த்தை அங்கே அம்மா கையாகவும் இங்கே போலீஸ் ஸ்டேஷனாகவும் எப்படி இருக்கும்?

மறுநாள் டோரீன் டீச்சரைத் தேடிப் போனேன், வேதாகமக் கல்லூரியில் எபிரெயு பாஷை சொல்லிக்கொடுத்து ரிட்டையர் ஆனவர், சர்ச்சில் நமக்கு முன் பெஞ்சில் உட்காருவாரே அவர்தான். சண்டைக்குப் போகிறவள் மாதிரிதான் போய் நின்றேன். அவர் உட்காரவைத்துக் காப்பி கொடுத்துச் சொன்னார். எபிரெயுவில் அந்தச் சொல் பாகாத். இரண்டு இடத்திலும் அதே சொல்தான், அதை மறைக்க மாட்டேன் என்றார். ஆனால் உன் நாத்தனார் காட்டினது தேவனைப் பகைக்கிறவர்களைப் பற்றியது, பிள்ளையைப் பறிகொடுத்து அழுகிறவளைப் பற்றியது அல்ல, அடுத்த வரியிலேயே ஆயிரம் தலைமுறைக்கு இரக்கம் என்று இருக்கிறதே, அதற்குள் புத்தகத்தை மூடிவிட்டாளா என்று கேட்டார். சங்கீதத்தில் நினைக்கிறது என்பது மனசுக்குள் நடப்பது, விசாரிக்கிறது என்பது எழுந்து போய் ஆளைப் பார்ப்பது என்றார். எண்ணாகமத்தில் ஜனங்களை ஒருவர் விடாமல் எண்ணினதற்கும் இதே சொல்தானாம்.

எல்லாம் சரி டீச்சர், அப்படி எழுந்து வருகிறவர் அன்றைக்கு என் மகளிடம் ஏன் வரவில்லை என்று கேட்டேன். தெரியல மேபல், எனக்குத் தெரியல என்றார். அந்த ஒரு பதிலுக்காகவே அவர் காலில் விழலாம் போலிருந்தது. கிளம்பும்போது இன்னொன்று சொன்னார். யோனத்தான் ஒளியப்போகிற தன் சிநேகிதன் தாவீதைப் பார்த்து, நீ உட்காரும் இடம் காலியாயிருக்கும், நீ இல்லாததைத் தேடுவார்கள் என்கிறான் அல்லவா, அந்தக் காலிக்கும் அந்தத் தேடலுக்கும்கூட இதே சொல்தானாம். ஒருவர் இல்லாமல் போனால் அந்த இடம் அப்படியே காலியாக இருக்கிறது என்பதும் விசாரிப்புக்குள்தான் வருகிறது மேபல் என்றார். பஸ் ஸ்டாப்பில் நின்று வெட்கமில்லாமல் அழுதேன். நேற்று சர்ச்சில் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் புதிதாக வந்த ஒரு அம்மா உங்களுக்குப் பேரப்பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார். ஒன்று என்றேன். என்ன வயது என்றார். பிறக்குமுன்னே போய்விட்டது, ஆனாலும் ஒன்றுதான் என்றேன். யாரும் என்னைத் திருத்தவில்லை.

உனக்கு ஜெபம் பண்ண வராவிட்டால் பண்ணாதே, நானும் கர்த்தரோடு சண்டையில்தான் இருக்கிறேன், சண்டையாவது போட்டுக்கொண்டிருக்கிறேன். அத்தை போன் பண்ணினால் எடுக்காதே. மாப்பிள்ளை டாக்டரிடம் கூப்பிட்டால் மறுக்காமல் போ, மனசுக்கு மருந்து எடுப்பது அவிசுவாசம் இல்லை, நர்ஸ் வேலை பார்க்கிற உனக்கு நான் சொல்ல வேண்டுமா. இரண்டு வாய் கஞ்சியாவது குடி. தலையை மாப்பிள்ளை வாரிவிடட்டும், அவருக்கும் அது பிள்ளைதான், அவர் கைக்கும் ஏதாவது வேலை வேண்டும். பிள்ளை போன இடம் காலியாகவே இருக்கட்டும், அதை யாரும் நிரப்ப வேண்டாம். ஆனால் உன் இடமும் காலியானால் நான் தாங்க மாட்டேன் ஆஷா, இதை மிரட்டலாக எடுத்துக்கொண்டாலும் சரி, கெஞ்சலாக எடுத்துக்கொண்டாலும் சரி.

கர்த்தர் உன் உட்காருதலையும் எழுந்திருக்குதலையும் காப்பாராக. வீணா விசாரித்தாள், டோரீன் டீச்சர் விசாரித்தார், மாப்பிள்ளையை நான் விசாரித்ததாகச் சொல்லவும். மறக்காமல் ஒன்று மட்டும் செய். பேச வேண்டாம், அழவும் வேண்டாம், ஒரு மிஸ்டு கால் கொடு. ஒரே ஒரு ரிங். நான் எடுக்க மாட்டேன், சத்தியமாக எடுக்க மாட்டேன், நீ இருக்கிறாய் என்று தெரிந்துகொள்வேன்.

இப்படிக்கு,
போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்
உன் அம்மா மேபல்