ரீச்சருக்குப் போட்ட கதிரை

செவ்வாய்க்கிழமை, ஒட்டுசுட்டான்.

மகளுக்கு ஹோட்டல் வேலை படிப்பிக்கும் ரீச்சர் இன்று வீட்டுக்கு வந்தார். அவளைத் திருகோணமலைக்குப் பயிற்சிக்கு அனுப்ப என் கையெழுத்து வேண்டுமாம். முப்பது வருடம் தேத்தண்ணிக்கடை நடத்திய எனக்கு எவரும் படிப்பிக்கவில்லை. வாசலில் நின்றவரை நான் இருக்கச் சொல்லவில்லை. தண்ணீரும் கொடுக்கவில்லை.

"உங்கட மகள் இப்ப ஆரோடையும் நிமிர்ந்து கதைக்கிறாள், ஐயா."

"அதுதான் எனக்கு வருத்தம்."

மகள் கதிரையைக் கொண்டுவந்து போட்டாள். "இருங்கோ ரீச்சர். அப்பா, கடைக்கு வந்த ஒருத்தரையும் நீங்கள் இப்பிடி நிக்க விட்டதில்லையே!"

இந்த வாய் ரீச்சர் கொடுத்த வாய்.

பிறகு எங்கள் இருவருக்கும் தேத்தண்ணி தந்தாள். குறை தேடிக் குடித்தேன். சாயம், சீனி, சூடு எல்லாம் சரி.

கையெழுத்து வைக்கவில்லை. ரீச்சர் நாளைக்கும் வருவாராம். வரட்டும். கதிரையை உள்ளே தூக்கி வைத்துவிட்டேன்.