கோமதி கொண்டுவரும் சோறு

பரிதாபி வருஷம், ஐப்பசி 5, திங்கள்

விடியுமுன் மழை. ஆற்றில் கலங்கல் தண்ணீர், குளிக்கப் போகவில்லை. கிணற்றடியில் இரண்டு வாளி. முதுகுப் பிடிப்பு அப்படியே.

சோறு கோமதி கொண்டுவந்தாள். பூசணிக்காய்க் குழம்பு. உப்பு கம்மி.

அவள் அம்மா போனதிலிருந்து மகள் கையால்தான் எனக்குச் சாப்பாடு. நடுவில் ஒரு சுவர், அந்தப் பக்கம் அக்கா வீடு. அக்கா மகனுக்குத்தான் கோமதியைக் கொடுத்தேன். மாதத்தில் மூன்று நாள் அவள் புறவாசல் அறையில் ஒதுங்கினால் அக்கா கொண்டுவருவாள். பதினைந்து மாதமாக நான் பார்ப்பது குழம்பை அல்ல, கொண்டுவருகிற கையை.

நாள் தள்ளி இன்றோடு எட்டு.

ஐப்பசி 6, செவ்வாய்

வானம் மூட்டம். சோறு: கோமதி. ஒன்பது.

அக்கா வந்தாள், வாயெல்லாம் பல். "ஏலே தம்பி, திருச்செந்தூரான் கண்ணத் தொறந்துட்டாம்லே. இந்தத் தடவ பயதான்."

"டாக்டரம்மாட்ட காட்டணும்க்கா. நாள் தள்ளுனா உடனே கூட்டிட்டு வான்னு சொல்லியிருக்கா."

"வயித்த அறுத்தவகிட்டயேவா மறுபடியும்? தானாப் படிச்ச ரெண்டு எழுத்த வச்சிக்கிட்டு ஊருக்கே சட்டம் சொல்லுத. வண்டி குலுங்குனா தங்குனதும் கலைஞ்சிரும்."

மாப்பிள்ளை: "தீபாவளி போவட்டும் மாமா."

களக்காட்டில் இவர்கள் பெண் பார்த்து வைத்திருப்பது எனக்குத் தெரியாது என்று நினைப்பு. தைக்குள் கோமதி உண்டாகாவிட்டால் அங்கே தாலி. ஒரு பெண்பிள்ளை இருக்கிறதே, பேத்தி சிவகாமி, அது கணக்கில் இல்லை.

ஐப்பசி 7, புதன்

சோறு: கோமதி. பத்து. கொல்லை முருங்கை காற்றில் முறிந்தது.

போன வருஷத்து ஆடி நோட்டை எடுத்தேன். டாக்டரம்மாள் சொன்னது, என் எழுத்தில்: கரு பைக்குள் இறங்கவில்லை. வலப் பக்கக் குழாயில் தங்கி, குழாய் வெடித்துவிட்டது. அதை எடுத்தாயிற்று. இன்னொன்று இருக்கிறது. பிள்ளை உண்டாகலாம். இதே மாதிரி மறுபடியும் ஆகலாம். வலி, உதிரம் என்றால் அந்தக்ஷணமே கொண்டுவா.

அதற்கு முந்தின பக்கத்தை எப்போதும் தள்ளிவிடுவேன். இன்று படித்தேன்.

"கோமதி தூரம். வயிறு வலி என்று அழுகிறாள். தோளும் வலிக்கிறதாம். அக்கா உள்ளே போய்ப் பார்க்கட்டுமா என்றாள். வேண்டாம், தீட்டு தீட்டுதான் என்றேன்."

தூரமல்ல அது. இரண்டு நாள் யாரும் தொடவில்லை. மூன்றாம் நாள் சிவகாமி ஓடிவந்து, "தாத்தா, அம்மா எந்திரிக்க மாட்டேங்கா." அப்புறம்தான் தூக்கி வண்டியில் போட்டு, பாலம் தாண்டிப் பாளையங்கோட்டை.

அக்கா மேல் எனக்கு ஆயிரம் குறை உண்டு. அதைச் சொன்னவன் நான்.

ஐப்பசி 8, வியாழன்

மழை. விளக்கெண்ணெய் கசடு, செக்குக்காரனிடம் சத்தம் போட்டேன்.

சோறு அக்கா கொண்டுவந்தாள். முகம் கொடுக்கவில்லை. "தூரம்" என்றாள்.

இலையை விட்டு எழுந்து புறவாசலுக்குப் போனேன்.

"ஏலே, அங்கன எங்க போற? ஆம்பிள போற எடமா அது?"

கதவைத் தள்ளினேன். பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நெற்றியில் கை வைத்தேன். பதறி நகர்ந்தாள்.

"யப்பா, தொடாதிய."

"வலிக்கா?"

"இல்ல."

"எடப் பக்கம்? தோள்ல?"

"எங்கயும் இல்லப்பா. எப்பவும் வாரதுதான்."

தலைமுழுகிவிட்டு வா என்று அக்கா கத்தினாள். முழுகவில்லை. அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்தேன், விளக்கு வைக்கும்வரை. கேட்டுக்கொண்டே இருந்தேன். இல்லை, இல்லை என்றாள். வண்டிக்காரனிடம் சொல்லிவைத்தேன், மாட்டை அவிழ்க்காதே என்று.

ஐப்பசி 9, வெள்ளி

மழை விட்டது. வலி இல்லை. காய்ச்சல் இல்லை. உயிருக்குப் பயமில்லை. எதுவும் இல்லை.

டாக்டரம்மாளிடம் போவோம் என்றேன். கோமதி வரமாட்டாளாம். இருந்த வண்டியில் மாப்பிள்ளை களக்காடு போனான். "ஒரு சோலியா போறேன் மாமா." பெண் வீட்டுக்குத்தான்.

முழுகாதவனுக்குச் சோறு கிடையாது என்று அக்கா நடையைச் சாத்தினாள். சாத்தட்டும். புறவாசலுக்குப் போனேன். கோமதிக்கு வைத்த மண்சட்டியில் பழையது இருந்தது. ஒரு பிடி தா என்றேன்.

"யப்பா, இது தீட்டுச் சட்டி."

"தெரியும். போடு."

என் கையில் வைத்தாள். தின்றேன். நிஜமாகவே வலி இல்லையே என்று மறுபடியும் கேட்டேன்.

"வலிச்சாலாவது உள்ள ஏதோ இருக்குன்னு இருக்கும்லாப்பா."

சோறு: கோமதி.